ஜிமேட் புள்ளி, சிஜிபிஏ, நேர்காணல் அழைப்பு: தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஓர் எம்பிஏ வழிகாட்டி

“எத்தனை புள்ளி எடுத்தா இண்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்கண்ணே?”

சுங்கை சிப்புட்டில் எம்பிஏ பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவர்கள் டோவன்பி, எல்பில், ஹீவூட் தோட்டங்கள் பக்கம் வளர்ந்தவர்கள். அப்பா பால்மரம் சீவியிருப்பார், அம்மா மருந்தடித்திருப்பார். பிள்ளை உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, ஈப்போவிலோ பினாங்கிலோ நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அடுத்த படிக்குக் கண் வைத்திருக்கும்.

கேள்வியில் தப்பில்லை. நாம் வளர்ந்த முறை அப்படி. எஸ்பிஎம்மில் எத்தனை ஏ, எஸ்டிபிஎம்மில் பிஎன்ஜிகே (சராசரிப் புள்ளி) எவ்வளவு, அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான யுபியு மெரிட் எவ்வளவு என்றே பதினேழு வயதிலிருந்து பேசி வந்திருக்கிறோம். 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம் என்று கூட்டினால் மெரிட் வந்துவிடும். அதே பழக்கத்தில் வெளிநாட்டு வணிகப் பள்ளிகளுக்கும் ஒரு வெட்டுப்புள்ளி இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

அங்கே நடப்பது வேறு. உங்கள் விண்ணப்பத்தை ஆள் உட்கார்ந்து படிக்கிறார். உங்கள் மதிப்பெண்களை வைத்து அவர் தேடும் பதில் ஒன்றுதான்: முதல் பருவத்தில் நிதி, கணக்கியல், புள்ளியியல் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழும்போது இந்த ஆள் தாக்குப்பிடிப்பாரா? “பிடிப்பார்” என்று அவருக்குத் தோன்றிவிட்டால், அதற்கு மேல் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பத்துப் புள்ளிக்கும் பயன் குறைந்துகொண்டே போகும். “சந்தேகம்தான்” என்று தோன்றினால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் கடிதம் வராமல் போகலாம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதல் வேலை: எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

எல்லா எம்பிஏவுக்கும் ஒரே விதி கிடையாது.

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்று உண்டு. வகுப்புவழி முதுகலைக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) வகுத்த பொது அளவு சிஜிபிஏ, அதாவது பட்டப்படிப்பின் மொத்தச் சராசரிப் புள்ளி, 2.50. அதற்குக் கீழே இருந்தால் வேலை அனுபவம் காட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கும். வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் பெரும்பாலும் தேவைப்படாது. பட்டமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது: 30 வயது ஆகி, எஸ்டிபிஎம்மோ டிப்ளோமாவோ வைத்து, துறை சார்ந்த அனுபவமும் இருந்தால் அனுபவத்தில் கற்றதை எடைபோடும் ஏப்பல் ஏ மதிப்பீட்டின் வழி முதுகலைக்குள் நுழையலாம். இருபது வருடம் ஆலையில் ஓடிய அண்ணன்மார் பலருக்கு இது தெரியவே தெரியாது. தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

ஜிமேட்டோ, அதுபோன்ற இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இயோ கைக்கு வேண்டிய இடங்கள் இனித்தான். கோலாலம்பூரில் பேங்க் நெகாரா 2015-இல் எம்ஐடி ஸ்லோனுடன் சேர்ந்து தொடங்கிய ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிஸ்னஸ், சிங்கப்பூரில் என்யுஎஸ், நன்யாங், இன்சியாட், அதைத் தாண்டி ஐரோப்பா, அமெரிக்கா. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவற்றைப் பற்றியதுதான்.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவிலிருந்து வரும் தமிழ்க் காணொளிகளில் “99 பெர்சென்டைல் இல்லாவிட்டால் அழைப்பே வராது” என்று சொல்வதைக் கேட்டுப் பயந்துபோகிறார்கள். அவர்கள் பேசுவது ஐஐஎம்களின் கேட் தேர்வைப் பற்றி. அங்கே கேட் புள்ளியோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்ட மதிப்பெண், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் எடை போட்டு, ஒரு வாய்பாட்டில் கூட்டி அழைப்புப் பட்டியல் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து மனம் தளராதீர்கள்.

இரண்டாவது: டிரான்ஸ்கிரிப்டை (பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலை) நீங்களே ஒருமுறை அந்நியர்போலப் படியுங்கள்

மொத்த சிஜிபிஏவை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. படிக்கிறவர் அதோடு நிறுத்த மாட்டார். பருவம் பருவமாக, பாடம் பாடமாகப் பார்ப்பார். கால்குலஸ், புள்ளியியல், கணக்கியல், பொருளியல் போன்ற எண் சார்ந்த பாடங்களில் என்ன கிரேடு என்பதுதான் அவர் கண் முதலில் போகும் இடம். அடுத்தது போக்கு. முதல் வருடம் 2.4, கடைசி வருடம் 3.5 என்று ஏறி வந்தால் அது ஒரு கதை. 3.5-இல் தொடங்கி 2.4-இல் முடிந்தால் வேறு கதை, அதற்கு விளக்கம் வேண்டும்.

இப்படி ஒரு தங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். சிஜிபிஏ 2.95. முதல் இரண்டு பருவம் மோசம், ஏனென்றால் வார இறுதி முழுக்கக் கடையில் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்பினார். மூன்றாம் பருவத்திலிருந்து ஏற்றம். புள்ளியியலில் ஏ. இந்த டிரான்ஸ்கிரிப்ட் 3.3 எடுத்தும் கணக்குப் பாடங்களையெல்லாம் சி-யில் கடந்த ஒருவருடையதைவிட நம்பிக்கை தரலாம். ஆனால் அவர் வேலை செய்த விஷயம் டிரான்ஸ்கிரிப்டில் இருக்காது. அதை எழுத விண்ணப்பத்தில் தனி இடம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிஜிபிஏவை நீங்களாக வேறு அளவுக்கு மாற்றி எழுத வேண்டாம். பள்ளி கேட்டால் ஒழிய, 4.00-க்கு 2.95 என்றால் அப்படியே. இணைப்புப் பட்டம் செய்து “இரண்டாம் வகுப்பு மேல்நிலை” வாங்கியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். மாற்றிக் கணக்குப் போடுவது அவர்கள் வேலை.

மூன்றாவது: எந்தத் தேர்வு

பெரும்பாலான பள்ளிகள் ஜிமேட், ஜிஆர்இ இரண்டையும் ஒரே மாதிரி ஏற்கின்றன.

ஜிமேட் 2023 நவம்பரில் புது வடிவம் எடுத்தது, பழையது 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம்: குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (ஆங்கிலம்) 23, டேட்டா இன்சைட்ஸ் (தரவு அலசல்) 20. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடைகள் வரை திரும்பிப் போய்த் திருத்தலாம். மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பழைய தேர்வில் இலக்கணப் பிழை கண்டுபிடிக்கும் வாக்கியத் திருத்தம் என்று ஒரு பிரிவு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போய், ஆங்கிலத்தை மூன்றாவதாகப் பிடித்தவர்களுக்கு அதுதான் பெரிய முள். அது இப்போது இல்லை. வெர்பலில் இருப்பது வாசித்துப் புரிவதும், வாதத்தை அலசுவதும் மட்டும். இரண்டையும் ஆறு மாதம் தினமும் ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையை வாசித்து, “இவர் எதை நிரூபிக்கப் பார்க்கிறார், எதை நிரூபிக்காமல் விட்டார்” என்று நமக்கு நாமே கேட்டுப் பழகினால் பெருமளவு சரிசெய்துவிடலாம். வடிவியலும் நீங்கிவிட்டது. குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, ஆகவே கைக்கணக்கை மறுபடி பழகுங்கள்.

ஜிஆர்இ ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வெர்பல், குவான்ட் ஒவ்வொன்றும் 130 முதல் 170, அதோடு ஒரு கட்டுரை. சொல்வளம் கூடுதலாகக் கேட்கும். என் கருத்தில், கணக்கில் தைரியமும் ஆங்கிலச் சொல்லில் தயக்கமும் உள்ளவர் ஜிமேட் பக்கம் போகலாம். எப்படியும் இரண்டிலும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சனிக்கிழமை அது, அடுத்த சனிக்கிழமை இது என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கவில்லை என்றால் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபெல் தனியாகக் கேட்பார்கள். அவை இரண்டே வருடம்தான் செல்லும், எனவே மிக முன்னதாக எழுதிவிடாதீர்கள். ஜிமேட், ஜிஆர்இ ஐந்து வருடம் செல்லும்.

நான்காவது: எவ்வளவு போதும்

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு பள்ளியும் தன் இணையத்தளத்தில் வகுப்பு விவரம் என்று ஒரு பக்கம் வெளியிடும். அதில் சராசரியைவிட முக்கியமான ஒன்று நடு 80 விழுக்காட்டு வரம்பு. சேர்ந்தவர்களில் மேலே உள்ள பத்து விழுக்காட்டையும் கீழே உள்ள பத்து விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டு மீதிப் பேரின் புள்ளி எங்கிருந்து எங்குவரை என்று அது காட்டும். சராசரியைப் பார்த்து “நான் அதற்குக் கீழே, எனக்கு இடமில்லை” என்று ஒதுங்குவது தப்புக் கணக்கு. சேர்ந்தவர்களில் பெரிய பங்கு சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது.

பழைய தேர்வின் எண்ணையும் புதியதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய ஜிமேட்டில் 700 என்பது பெரிய மதிப்பு. புதியதில் அதே நிலைக்கு நிகர் ஏறக்குறைய 645. புது ஜிமேட்டில் 655 எடுத்துவிட்டு “700 வரவில்லையே” என்று அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய ஆலோசனைகள் எல்லாம் பழைய அளவில் எழுதப்பட்டவை, வருடத்தைப் பார்த்துப் படியுங்கள். புள்ளியைவிட பெர்சென்டைலை, அதாவது தேர்வு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் உங்களுக்குக் கீழே என்பதை, பார்ப்பது இன்னும் பாதுகாப்பு.

பிறகு உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வரம்புக்குள் நடுவில் அல்லது மேலே இருந்தால், நிறுத்திவிடுங்கள். இன்னும் 20 புள்ளிக்காக மூன்று மாதம் செலவழிப்பதைவிட அந்த மூன்று மாதத்தைக் கட்டுரைக்குக் கொடுங்கள். வரம்பின் கீழ் விளிம்பில் இருந்தால், குவான்ட் புள்ளியை மட்டும் தனியாகப் பாருங்கள். குவான்ட் வலுவாகவும் வெர்பல் தாழ்ந்தும் இருந்தால் ஆங்கிலத் திறனைக் கட்டுரையும் நேர்காணலும் காட்டிவிடும். குவான்ட் தாழ்ந்து, டிரான்ஸ்கிரிப்டிலும் கணக்குப் பாடம் பலவீனம் என்றால் அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். வரம்புக்கு வெளியே வெகு கீழே இருந்தால், மறுபடி எழுதுங்கள், அல்லது பள்ளிப் பட்டியலை மாற்றுங்கள்.

ஜிமேட்டை 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை. புள்ளியைப் பார்த்த பிறகே எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம். நீங்கள் அனுப்பாத புள்ளி பள்ளிக்குத் தெரியாது. ஆகையால் முதல் முயற்சி சறுக்கினால் வாழ்க்கை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். போவது கட்டணப் பணம், அதுவும் நம் சம்பளத்துக்குச் சிறிய தொகை இல்லை. அதனால்தான் மாதிரித் தேர்வில் இலக்கைத் தொட்ட பிறகே பதிவு செய்யச் சொல்கிறேன்.

சிஜிபிஏ முடிந்துபோன கதை, இனி மாற்ற முடியாது. தேர்வுப் புள்ளி மாற்றக்கூடியது. மேலும் பாஸ்டனில் ஹார்வர்டிலோ ஃபோன்டென்புளோவில் இன்சியாட்டிலோ உட்கார்ந்திருப்பவருக்கு சிந்தோக்கில் (உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில்) 3.2 என்றால் எவ்வளவு கடினம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஜிமேட் அவருக்குத் தெரிந்த தராசு. பெயர் தெரியாத பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவருக்கு நல்ல தேர்வுப் புள்ளி மற்றவர்களைவிட அதிகமாக உதவும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

ஐந்தாவது: குறையை ஈடுகட்டுவது

பழைய கிரேடு பலவீனமாக இருந்தால் புதிய ஆதாரம் கொண்டுவாருங்கள். ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் இணையவழிப் படிப்பான கோர், வணிகப் பகுப்பாய்வு, பொருளியல், நிதிக் கணக்கியல் மூன்றையும் சேர்த்துக் கற்பித்து மதிப்பெண்ணும் தருகிறது. ஏசிசிஏ (கணக்காளர் தொழில்முறைத் தேர்வு) தாள்கள் சில தேறியிருந்தால் அதுவும் வலுவான சாட்சி. புள்ளியியல் பாடம் ஒன்றைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எடுத்து ஏ வாங்கிக் காட்டினாலும் பயன் உண்டு. சான்றிதழுக்காக மட்டும் வீடியோ பார்த்து முடிக்கும் வகுப்புகளுக்கு அவ்வளவு மதிப்பில்லை. மதிப்பெண் தரும் படிப்பாகத் தேடுங்கள்.

பிறகு, விருப்பக் கட்டுரை. குறையை விளக்க விண்ணப்பத்தில் தரும் சிறு இடம் இதுதான். அந்தத் தங்கை இப்படி எழுதலாம்: “முதல் இரண்டு பருவம் வாரத்துக்கு 25 மணி நேரம் வேலை செய்து குடும்பத்துக்கு உதவினேன். அண்ணனுக்கு நிரந்தர வேலை கிடைத்ததும் நிறுத்தினேன். அதன் பின் என் சராசரி 3.4. சென்ற ஆண்டு நிதிக் கணக்கியலில் தேர்ச்சி பெற்றேன்.” இவ்வளவுதான். நடந்தது, முடிந்தது, இப்போதைய ஆதாரம். கண்ணீரும் வேண்டாம், விரிவுரையாளர் மேல் பழியும் வேண்டாம். குறை எதுவும் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

ஆறாவது: அழைப்பு உண்மையில் எதற்கு வருகிறது

“படிப்பைத் தாங்குவார்” என்று முடிவானதும் படிப்பவர் அடுத்ததைக் கேட்கிறார்: இவர் என்ன செய்திருக்கிறார், இவரோடு உட்கார்ந்து பேச வேண்டுமா? அதைத் தீர்மானிப்பது தற்குறிப்பு, கட்டுரைகள், மேலதிகாரிகளின் பரிந்துரைக் கடிதங்கள்.

நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். தோட்டத்தைப் பற்றி எழுத வெட்கப்படுகிறார்கள். தற்குறிப்பில் “செம்பனை ஆலை மேற்பார்வையாளர், உற்பத்தி வேலைகளைக் கவனித்தேன்” என்று ஒரே வரி. அதையே இப்படிப் பாருங்கள். அறுத்த குலை ஆலை வாசலில் காத்துக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி விலை குறையும். நீங்கள் லாரிகளின் வருகை நேரத்தைத் தோட்டத்துக் கிராணிகளோடு பேசி மாற்றி, காத்திருப்பைக் குறைத்தீர்கள் என்றால், அது வணிகப் பள்ளி பாடம் நடத்தும் அதே விஷயம். எத்தனை லாரி, எத்தனை மணி நேரம் குறைந்தது, அதனால் எவ்வளவு வெள்ளி மிச்சம் என்று எழுதுங்கள். எதிர்த்த மண்டோரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதைத்தான் நேர்காணலில் நேரில் கேட்க ஆசைப்படுவார்கள்.

கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்து திருவிழாக் கணக்கை முதல்முறை ரசீதோடு ஒப்படைத்தவர், தமிழ்ப்பள்ளியில் யுபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் இலவச டியூஷன் நடத்தியவர், இவர்களெல்லாம் அதை “சொந்த விஷயம்” என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சுங்கை சிப்புட், மஇகாவின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1960-இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளிகளின் சிறு சேமிப்பைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கியது. உங்கள் தாத்தா அதில் பங்குதாரராக இருந்தால், மூலதனம் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தெரியும். கட்டுரைக்கு அதைவிடச் சொந்தமான பொருள் எங்கே கிடைக்கும்?

பரிந்துரைக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாதீர்கள். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் போதும். டத்தோ பட்டம் வைத்திருப்பவர் எழுதும் நான்கு வரி பொதுப் புகழ்ச்சி எதற்கும் உதவாது.

தேர்வு நாளுக்கு முன் ஒரு சின்ன, ஆனால் ஆளைக் கவிழ்க்கக்கூடிய விஷயம்

நம் பெயரில் குடும்பப் பெயர் இல்லை, நடுவில் ஏ/எல், ஏ/பி இருக்கிறது. பதிவுப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும், சாய்கோட்டையும் சில வேளை ஏற்காது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மையத்தில் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. பதிவு செய்தவுடன் உதவி மையத்துக்கு எழுதி, பெயர் சரிதானா என்று எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தேர்வு, விண்ணப்பம், டிரான்ஸ்கிரிப்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

வீட்டிலிருந்து எழுதும் வசதி இருந்தாலும், லயத்து வீட்டிலோ நெருக்கமான தாமானிலோ இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அறைக்குள் யாராவது எட்டிப் பார்த்தாலோ இணையம் அறுந்தாலோ தேர்வே ரத்தாகலாம். இடிஎஸ் இரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது. முதல் நாளே கோலாலம்பூர் போய்த் தங்கி, மையத்தில் எழுதுங்கள்.

காலக்கணக்கு

அமெரிக்கப் பள்ளிகளில் முதல் சுற்று செப்டம்பர் வாக்கில், இரண்டாவது ஜனவரி தொடக்கத்தில், மூன்றாவது மார்ச், ஏப்ரலில் முடியும். மூன்றாம் சுற்றில் இடம் கொஞ்சம்தான் மிஞ்சும், உதவித்தொகையும் அப்படியே. செப்டம்பருக்குக் குறி வைத்தால் ஜனவரியில் படிக்கத் தொடங்கி, ஜூனுக்குள் புள்ளியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வராமல் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இரண்டும் கெடும். விண்ணப்பக் கட்டணம் கனமாக இருந்தால் சலுகை கேளுங்கள். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் உள்ளிட்ட பல பள்ளிகள் வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன.

அழைப்பு வந்த பிறகு

இப்போது உங்கள் எண்கள் எவ்வளவு பேசும் என்பது பள்ளியைப் பொறுத்தது. ஹார்வர்டில் உங்களைக் காண்பவர் முழு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு வருவார். 30 நிமிடம், நீங்கள் எழுதியதையே துருவுவார். குறைந்த கிரேடைப் பற்றியும் கேட்கலாம். விருப்பக் கட்டுரையில் சொன்ன அதே பதிலை இரண்டு மூன்று வாக்கியத்தில், குரல் தாழாமல் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டில் பெரும்பாலும் முன்னாள் மாணவர் ஒருவர் சந்திப்பார், அவர் கையில் உங்கள் தற்குறிப்பு மட்டுமே இருக்கும். அங்கே நீங்களாகப் புள்ளி பற்றிப் பேச்சை எடுக்க வேண்டாம். வார்ட்டனில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழு உரையாடல் நடக்கும், அடுத்தவரைப் பேசவிடும் பண்பு அங்கே கவனிக்கப்படும். பெரியவர்கள் முன் வாய் திறக்காமல் வளர்ந்த நமக்கு இது பழக்கம் தேவைப்படும் இடம். இரண்டு மூன்று நண்பர்களோடு ஆங்கிலத்தில் விவாதித்துப் பழகுங்கள். இன்சியாட் முன்னாள் மாணவர்கள் இருவர் தனித்தனியே சந்திப்பார்கள்.

காத்திருப்புப் பட்டியலில் வைத்தால், புதிய தகவலை ஏற்பார்களா என்று முதலில் பாருங்கள். ஏற்றால், உயர்ந்த ஜிமேட் புள்ளியோ பதவி உயர்வோ சுருக்கமாகத் தெரிவிக்கலாம்.

அழைப்பே வரவில்லை என்றால், அடுத்த வருடம் மறுபடி போடுவது வழக்கத்தில் உள்ளதுதான், அதனால் உங்கள் மேல் கரும்புள்ளி விழாது. ஆனால் அதே விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். புள்ளி ஏற்கெனவே வரம்புக்குள் இருந்தால் அதைத் தொட வேண்டாம், ஐந்து வருடம் செல்லும். தற்குறிப்பையும் கட்டுரைகளையும், தோட்டமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, “எந்த இடத்தில் உங்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். ஓர் இடமும் இல்லை என்றால், திருத்த வேண்டியது அங்கேதான் இருக்கிறது.